வெற்றுத்தாளில் கையெழுத்து

கணக்குப் பார்ப்பவர்களும் நிரல் எழுதுபவர்களும் தணிக்கை செய்பவர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் இந்த அவையில் இன்று நான் பேசப்போவது ஒரே ஒரு வரியைப் பற்றி. சம்பளம் போடும் நிரல், சரக்கிருப்புக் கணக்கு வைக்கும் நிரல், வங்கிக்குப் பணப்பட்டியல் அனுப்பும் நிரல் என ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட வணிக நிரல்களில் எங்கோ ஒரு மூலையில் அந்த வரி இருக்கும். கோபோல் மொழியில் எழுதுபவர்கள் அதைக் ‘கால் சிஸ்டம்’ என்பார்கள். ஐபிஎம்மின் ஆர்பிஜி மொழியில் எழுதுபவர்கள் ‘க்யூசிஎம்டிஎக்ஸ்சி’ என்பார்கள். எஸ்ஏபியின் அபாப் மொழியிலும் ‘கால் சிஸ்டம்’ என்ற பெயரிலேயே ஒன்று உண்டு. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல், தான் குடியிருக்கும் இயங்குதளத்தைக் கூப்பிட்டு, “இந்தக் கட்டளையை ஓட்டு” என்கிறது. அந்தக் கதவு நமக்கு வேண்டும். ஆனால் அதன் வழியாகப் போகும் கட்டளைக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், ஓர் எல்லை இருக்க வேண்டும், நடந்ததை அது திரும்பி வந்து சொல்ல வேண்டும். அந்தந்த நேரத்தில் எழுத்துகளை ஒட்டிக் கட்டிய கட்டளை, வெற்றுத்தாளில் போட்டுக் கொடுத்த கையெழுத்து. இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு கேள்வி. வணிக மொழிகள் எதற்காகப் பிறந்தன? 1959ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் அரசு அலுவலர்களும் கணினி உற்பத்தியாளர்களும் கூடினார்கள். எந்தக் கம்பெனியின் இயந்திரமானாலும் அதில் ஓடக்கூடிய, கணக்குத் தெரிந்தவர் படித்தால் புரியக்கூடிய ஒரு பொது மொழி வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அந்த முயற்சியில் விளைந்ததுதான் கோபோல். 1960 டிசம்பரில் ஏறக்குறைய ஒரே கோபோல் நிரலை ஆர்சிஏ கணினியிலும் யூனிவாக் கணினியிலும் ஓட்டிக் காட்டினார்கள். இயந்திரத்தை மறந்துவிட்டு வேலையை மட்டும் சொல்லலாம் என்பதற்கு அது சாட்சி. கோபோல் நிரலின் நான்கு பகுதிகளில் ஒன்றைச் சூழலுக்கென்றே ஒதுக்கினார்கள். இயந்திரத்தைச் சார்ந்த விவரமெல்லாம் அங்கே அடங்கட்டும், மற்ற பகுதிகளில் அதன் வாடை வேண்டாம் என்பது எண்ணம். ஆர்பிஜி என்ற பெயருக்கே அறிக்கை நிரல்களை ஆக்கித் தருவது என்றுதான் பொருள். 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபியின் அபாப் மொழிக்கும் முதலில் வைத்த ஜெர்மன் பெயரின் பொருள், பொதுவாக அறிக்கை தயாரிப்பது என்பதே. ஆக, இந்த மொழிகளின் உயிர் ஒன்றில் இருக்கிறது. நிரலில் எழுதியதைப் படித்தால் நடப்பது தெரிய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

அப்படியென்றால் அந்த மொழிக்குள்ளிருந்து இயங்குதளத்தைக் கூப்பிட வேண்டிய தேவை ஏன் வந்தது? தேவை உண்மையானது. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் தயாராகிறது. அந்தக் கோப்பைப் பூட்டுச்சாவி முறையில் மறைகுறியாக்க வேண்டும். அதற்கான கருவி இயங்குதளத்தில் இருக்கிறது, மொழியில் இல்லை. கோப்பை வங்கியின் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கருவியும் இயங்குதளத்தில்தான் இருக்கிறது. பழைய கோப்புகளைச் சுருக்கிக் காப்பகத்தில் போட வேண்டும், அச்சுப்பொறிக்கு அனுப்ப வேண்டும், இன்னொரு துறையின் நிரலைத் தொடங்கி வைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் வணிக மொழியிலேயே வாக்கியம் வைத்திருந்தால், 1959இல் அவர்கள் எதை ஒதுக்கி வைத்தார்களோ அதையே மொழிக்குள் கொண்டுவந்து கொட்டியது ஆகியிருக்கும். எனவே மொழியைச் செய்தவர்கள் சுவரில் ஒரு கதவு வைத்தார்கள். கதவு வைத்ததில் பிழை இல்லை. கதவு வழியாக என்ன போகிறது, யார் பெயரில் போகிறது, போனது திரும்பி வந்து என்ன சொல்கிறது? இந்த மூன்று கேள்விகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் கேட்கப்படாத கேள்வி அதுதான். ஓர் எடுத்துக்காட்டு. சம்பளக் கோப்பை வங்கிக்கான அடைவுக்கு நகலெடுக்க வேண்டும். பிறகு மூலக் கோப்பை அழிக்க வேண்டும். யூனிக்ஸ் வழி இயங்குதளத்தில் நகலெடுக்க ‘சிபி’ என்ற கட்டளை, அழிக்க ‘ஆர்எம்’ என்ற கட்டளை. நிரலர் இரண்டையும் ஒரே வரியில் எழுதி, நடுவே ஓர் அரைப்புள்ளி வைத்து, கால் சிஸ்டம் வழியாக அனுப்புகிறார். முடிந்ததும் திரும்பி வரும் எண்ணைப் பார்க்கிறார். சுழியம் வந்தால் வெற்றி என்பது வழக்கம். சுழியமே வருகிறது. திரையில் ‘வெற்றி’ என்று காட்டுகிறது. ஆனால் அன்று வங்கிக்கான அடைவு இருந்த வட்டில் இடம் தீர்ந்துவிட்டது. சிபி பாதிக் கோப்பை எழுதிவிட்டுத் தோற்றுப்போனது. அரைப்புள்ளி என்ன சொல்கிறது? முன்னது வென்றாலும் தோற்றாலும் பின்னதை ஓட்டு என்கிறது. ஆர்எம் ஓடியது, மூலக் கோப்பை அழித்தது, தன் வேலையில் வென்றது. கட்டளைகளைப் படித்து ஓட்டும் இயங்குதளக் கருவியான ஷெல் திருப்பித் தருவது கடைசியாக ஓடிய கட்டளையின் பதிலை மட்டுமே. அந்தப் பதில்தான் சுழியம். வங்கிக்கான அடைவில் பாதிச் சம்பளம், இங்கே ஒன்றுமில்லை, திரையிலோ வெற்றி! இங்கே யாராவது தாக்கினார்களா? யாராவது திருடினார்களா? இல்லை. அரைப்புள்ளிக்குப் பதிலாக && என்ற குறியை வைத்திருந்தால், சிபி தோற்ற இடத்திலேயே வேலை நின்றிருக்கும். ஆனால் அந்த வேறுபாடு கோபோலின் இலக்கணத்தில் எங்கும் இல்லை. மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் வேறொரு மொழியின் இலக்கணத்தில் இருக்கிறது. கோபோல் தொகுப்பிக்கு அது வெறும் எழுத்து. படித்தால் புரிய வேண்டும் என்று பிறந்த மொழிக்குள் இப்படிப் படிக்க முடியாத ஒரு மொழி ஒளிந்துகொள்கிறது.

இனி, கதவு வழியாக என்ன போகிறது என்ற கேள்விக்கு வருவோம். நிரலர் கட்டளையின் முன்பாதியைத் தான் எழுதிவிட்டு, பின்பாதியைப் பயனர் தட்டிய பெயரிலிருந்தோ கோப்பிலிருந்தோ எடுத்து ஒட்டுகிறார். பயனர் ‘மார்ச்சம்பளம்’ என்று சேர்த்துத் தட்டினால் சரி. ‘மார்ச் சம்பளம்’ என்று இடைவெளி விட்டுத் தட்டினால்? ஷெல்லுக்கு அது ஒரு கோப்பின் பெயர் ஆகாது; ‘மார்ச்’ என்று ஒரு கோப்பு, ‘சம்பளம்’ என்று இன்னொரு கோப்பு. அழிக்கும் கட்டளையாக இருந்தால், இரண்டில் எது இருந்தாலும் போய்விடும். அதே இடத்தில் ஒருவர் அரைப்புள்ளி போட்டு, அதன் பின் தனக்கு வேண்டிய கட்டளையை எழுதிவிட்டால், அதையும் ஷெல் பணிவோடு ஓட்டும். கோபோலுக்கே உரிய இன்னொரு பள்ளமும் உண்டு. கோபோலில் ஒவ்வொரு புலத்துக்கும் முன்கூட்டியே அளவு குறித்துவிடுகிறோம். அளவுக்கு மீறிய எழுத்துகளை ‘மூவ்’ கட்டளை வலப்பக்கத்தில் வெட்டிவிடும், சத்தமே வராது. துண்டுகளை ஒட்டும் ‘ஸ்ட்ரிங்’ கட்டளையும் புலம் நிறைந்ததும் நின்றுவிடும். ‘ஆன் ஓவர்ஃப்ளோ’ என்று எழுதிக் கேட்டிருந்தால்தான் நமக்குத் தெரியும். ஓர் எடுத்துக்காட்டு: 2024ஆம் ஆண்டு அடைவுக்குள் மார்ச், மார்ச்சுக்குள் தற்காலிகம். அந்தத் தற்காலிக அடைவை மட்டும் முழுதாக அழி என்பது கட்டளை. பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடுகிறது. புதிய சர்வருக்கு மாறும்போது பாதையின் முன்னால் இரண்டு அடைவுப் பெயர்கள் கூடுகின்றன. கட்டளை நீள்கிறது, புலம் நீளவில்லை. வெட்டு 2024 என்ற இடத்தில் விழுந்தால், ஆண்டு முழுவதையும் அழி என்று அர்த்தம். நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை, பொருள் தலைகீழாகிவிட்டது. ஒட்டிக் கட்டிய கட்டளையின் அபாயம் இதுதான். எழுதியவர் கண்ணில் பட்டது ஒன்று, ஓடும் நாளில் உருவாவது இன்னொன்று.

மீதமிருக்கும் கேள்வி, யார் பெயரில் போகிறது? எஸ்ஏபி அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி அனுமதி. கொள்முதல் எழுத்தர் சம்பளத்தைப் பார்க்க முடியாது; சம்பள எழுத்தர் கொள்முதலைத் தொட முடியாது. எவ்வளவு நுணுக்கமான வேலி! ஆனால் அபாப் நிரல் இயங்குதளத்தைக் கூப்பிடும் அந்த நொடியில் இந்த வேலியெல்லாம் பின்னால் நின்றுவிடுகிறது. கட்டளை ஓடுவது அந்த எழுத்தரின் பெயரில் இல்லை. எஸ்ஏபி சர்வரையே நடத்தும் இயங்குதளப் பயனரின் பெயரில். யூனிக்ஸ் வழி இயங்குதளத்தில், எஸ்ஏபி அமைப்பின் மூன்றெழுத்து அடையாளத்தோடு ‘ஏடிஎம்’ என்று முடியும் அந்தப் பயனர், சர்வரைத் தொடங்கவும் நிறுத்தவும் அதிகாரம் உள்ளவர். சாதாரண எழுத்தர் ஒரு பொத்தானை அழுத்த, வீட்டுச் சாவிக்கொத்து முழுவதும் கையில் உள்ளவர் எழுந்து போய் வேலை செய்கிறார். பிறகு இயங்குதளத்தின் பதிவேட்டைப் புரட்டினால் எழுத்தரின் பெயர் இருக்காது. சாவிக்கொத்து வைத்திருப்பவரின் பெயர்தான் இருக்கும். ஐபிஎம்மின் ஏஎஸ்/400 வழிவந்த அமைப்பிலும் இதற்கு இணையான இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு நிரலை, அதை ஓட்டுபவரின் அதிகாரத்தோடு உரிமையாளரின் அதிகாரத்தையும் சேர்த்துக்கொண்டு ஓடும்படி அமைக்கலாம். அத்தகைய நிரலுக்குள் க்யூசிஎம்டிஎக்ஸ்சி இருந்து, அதற்குப் போகும் எழுத்துகள் வெளியிலிருந்து வந்தால், உரிமையாளரின் கையை முன்பின் தெரியாதவர் பிடித்து எழுதுகிறார் என்று பொருள். வெற்றுத்தாளில் கையெழுத்து என்று நான் சொன்னது இதைத்தான்.

சரி, வழி என்ன? வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்த மொழிகளைச் சூழ்ந்து வாழ்பவர்களே கண்டிருக்கிறார்கள். எஸ்ஏபியில் எஸ்எம்69 என்றொரு பரிமாற்றத் திரை இருக்கிறது. அங்கே நிர்வாகி ஒரு கட்டளைக்குப் பெயர் வைத்துப் பதிவு செய்கிறார். அந்தப் பெயர் எந்த இயங்குதளத்தில் எந்த உண்மையான கட்டளையைக் குறிக்கிறது, அதோடு சேர்த்துத் தரும் மதிப்புகளான அளபுருக்களில் நிலையானவை எவை, கூடுதலாக எதையாவது சேர்க்க அனுமதி உண்டா இல்லையா, எல்லாமே பதிவில் இருக்கும். நிரலர் கட்டளையை எழுதுவதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். கூப்பிடும் செயற்கூறின் பெயர் ‘எஸ்எக்ஸ்பிஜி கமாண்ட் எக்ஸிக்யூட்’. அது முதலில், கூப்பிடும் பயனருக்கு இந்தப் பெயருள்ள கட்டளையை இந்தக் கணினியில் ஓட்ட அனுமதி உண்டா என்று பார்க்கிறது. பிறகு அது சொல்லும் பதில்களைக் கவனியுங்கள். அனுமதி இல்லை என்பது ஒரு பதில். அப்படியொரு கட்டளை பதிவில் இல்லை என்பது ஒரு பதில். அளபுருக்கள் நீளமாகிவிட்டன என்பது ஒரு பதில். பாதுகாப்புக்கு ஆபத்தானது என்பது ஒரு பதில். சற்றுமுன் கோபோலில் சத்தமின்றி விழுந்த வெட்டு, இங்கே பெயருள்ள பிழையாக எழுந்து நிற்கிறது! யார் பெயரில் என்ற கேள்வியை அனுமதிச் சோதனை கேட்கிறது. என்ன போகிறது என்ற கேள்வியைப் பதிவேடு கேட்கிறது. திரும்பி வந்து என்ன சொன்னது என்ற கேள்விக்கு வெளியேறும் எண்ணும், கட்டளை பேசியதன் வரி வரியான பதிவும் விடை தருகின்றன. அந்த விடைகளை நிரலர் வாங்கிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனால், அவ்வளவு ஏற்பாடும் வீண்.

ஏஎஸ்/400இன் வடிவமைப்பும் இதே திசையில் போகிறது. அங்கே ஒவ்வொரு கட்டளையும் அமைப்புக்குள் தனிப்பொருள். அதற்கென்று அளபுரு வரையறை உண்டு, அதற்கென்று அனுமதி உண்டு. எந்த அளபுருவுக்கு என்ன வகை மதிப்பு வரலாம் என்பது கட்டளையோடு பிறந்தது. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரிலும் தரவுத்தளத்துக்குள்ளிருந்து இயங்குதளக் கட்டளையை ஓட்ட ‘எக்ஸ்பி சிஎம்டிஷெல்’ என்ற வழி உண்டு. 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதை மூடிய நிலையில்தான் தருகிறார்கள். வேண்டுபவர் தெரிந்தே திறக்க வேண்டும். ஜாவாவில் ‘ப்ராசஸ் பில்டர்’ ஷெல்லை நடுவில் வைப்பதில்லை. கட்டளையையும் ஒவ்வோர் அளபுருவையும் தனித்தனியாகப் பட்டியலாகக் கொடுக்கலாம். யூனிக்ஸ் வழி அமைப்புகளில் அப்படிக் கொடுத்தால் ‘மார்ச் சம்பளம்’ என்பது இடைவெளியோடு ஒரே பெயராகவே போய்ச் சேரும். அரைப்புள்ளி வெறும் புள்ளியாகவே இருக்கும். வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு காலங்கள், வெவ்வேறு மொழிகள். எல்லோரும் வந்து சேர்ந்த இடம் ஒன்று. எழுத்துச்சரத்தை ஒட்டாதே, பெயர் சொல்லி, எல்லைக்குள் கூப்பிடு.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துப் பார்ப்போம். “எங்கள் நிரல் அலுவலகத்துக்குள் மட்டும் ஓடுவது, பத்துப் பேர்தான் பயனர்கள், யார் வந்து தாக்கப் போகிறார்கள்?” என்பது முதல் மறுப்பு. அரைப்புள்ளியால் சம்பளம் பாதியானதும், புலத்தின் நீளம் போதாமல் ஆண்டுக் கணக்கே அழிந்ததும் தாக்குதலா? இரண்டிலும் எல்லோரும் நல்லவர்கள். அதோடு, அலுவலகத்துக்குள் ஓடும் நிரல் என்றாலும் அதற்குள் வரும் எழுத்துகள் அலுவலகத்துக்குள்ளேயே பிறந்தவையா? விற்பனையாளர் அனுப்பிய கோப்பின் பெயர், வாடிக்கையாளர் நிரப்பிய படிவம், வங்கி அனுப்பிய பதில், இவையெல்லாம் வெளியிலிருந்து வருபவை. சுவர் உயரமாக இருக்கலாம். கடிதங்கள் சுவரைத் தாண்டித்தான் வருகின்றன.

“ஆபத்தான குறிகளையெல்லாம் களைந்துவிட்டு ஒட்டினால் போதாதா?” என்பது இரண்டாவது மறுப்பு. எந்தக் குறிகள் ஆபத்தானவை என்று யார் சொல்வது? யூனிக்ஸ் ஷெல்லுக்கு ஒரு பட்டியல், விண்டோஸ் கட்டளைச் சாளரத்துக்கு இன்னொரு பட்டியல். சர்வர் மாறினால் பட்டியலும் மாற வேண்டும். ஷெல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அதை நாள்தோறும் பயன்படுத்துபவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். 2014 செப்டம்பரில் ‘ஷெல்ஷாக்’ என்ற குறை வெளியே வந்தது. லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும் ‘பேஷ்’ ஷெல், சூழல் மாறிகளில் செயற்கூறு வரையறை வந்தால், அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த கட்டளையையும் ஓட்டிவிட்டது. கட்டளை வரியை எவ்வளவு துடைத்து வைத்திருந்தாலும் பயனில்லை. நஞ்சு வேறு வழியாக வந்தது. அந்தக் குறை 1989 முதல் பேஷுக்குள் இருந்தது. கால் நூற்றாண்டாக யாரும் போடாத பட்டியலில் அது இருந்தது. ஆகவே கெட்டதைக் களைவது வழி ஆகாது; நல்லதை மட்டும் பெயர் சொல்லி அனுமதிப்பதுதான் வழி. ஷெல்லை நடுவில் வைக்காமலே வேலை முடியுமென்றால், வைக்காமலிருப்பதுதான் வழி. 2024 ஜூலையில்கூட அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையும் எஃப்பிஐயும் சேர்ந்து, கட்டளைக்குள் கட்டளை நுழையும் இந்தக் குறையை ஒழியுங்கள் என்று மென்பொருள் செய்பவர்களைக் கேட்டுக்கொண்டன. முழுவதும் தவிர்க்கக்கூடிய குறை என்று தெரிந்த பின்னும் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே நாம் யோசிக்க வேண்டிய செய்தி.

“அப்படியானால் கதவையே செங்கல் வைத்து அடைத்துவிடுவோமே” என்பது மூன்றாவது மறுப்பு. அபாப்பின் பழைய கால் சிஸ்டத்தை ஒரு சர்வர் அளபுருவால் மூடிவிட முடியும், மூடுவது நல்லதும்கூட. ஆனால் எல்லா வழியையும் அடைத்தால் மாதக் கடைசி வந்து நிற்காதா? கோப்பு வங்கிக்குப் போக வேண்டாமா? நிரல் செய்ய முடியாததை ஒரு மனிதர் கையால் செய்வார். இரவு பத்து மணிக்கு சர்வரில் நுழைந்து, தெரிந்த கடவுச்சொல்லைத் தட்டி, கட்டளையை நினைவிலிருந்து எழுதுவார். அதற்குப் பதிவும் இல்லை, அனுமதிச் சோதனையும் இல்லை. தேவையை மறுத்துப் பாதுகாப்பு வராது. தேவைக்கு ஒழுங்கான வழி வைத்தால்தான் வரும். “இவ்வளவு பதிவு செய்துகொண்டிருந்தால் வேலை தாமதமாகாதா?” என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். பெயர் வைத்துப் பதிவு செய்வது ஒரு முறை. அரைப்புள்ளி கெடுத்த சம்பளத்தைத் திருத்துவது எத்தனை நாள்? இங்கே நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. பதிவேட்டில் ‘ஷெல்’ என்றே ஒரு பெயரைப் பதிவு செய்து, கூடுதல் அளபுரு எதையும் சேர்க்கலாம் என்று குறியிட்டுவிட்டால், எஸ்எம்69 இருந்தும் இல்லாததுதான். பதிவேட்டிலேயே வெற்றுத்தாளை ஒட்டி வைத்ததாகிவிடும்.

தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். 1959இல் பென்டகனில் கூடியவர்கள் கேட்டது, கணக்குத் தெரிந்தவர் படித்தால் புரியும் மொழி. மேற்கோள் குறிகளுக்குள் ஒட்டிய கட்டளை அந்த வாக்கை மீறுகிறது. ‘சம்பளக் கோப்பை வங்கிக்கு அனுப்பு’ என்று பெயர் வைத்துக் கூப்பிடும் கட்டளை அந்த வாக்கைக் காப்பாற்றுகிறது. நிரலர்களே, உங்கள் நிறுவனத்தின் நிரல்களில் நாளைக் காலை அந்த வரியைத் தேடுங்கள். கோபோலானால் கால் சிஸ்டம், ஆர்பிஜியானால் க்யூசிஎம்டிஎக்ஸ்சி, தரவுத்தளமானால் எக்ஸ்பி சிஎம்டிஷெல். அந்த வரி கிடைக்கும் ஒவ்வோர் இடத்திலும் கேளுங்கள்: இதன் வழியாக என்ன போகிறது? யார் பெயரில் போகிறது? திரும்பி வந்து சொன்னதை யார் கேட்டார்கள்? தணிக்கையாளர்களே, வவுச்சரில் கையெழுத்தைச் சரிபார்க்கும் அதே கவனத்தோடு இந்த வரியைக் காட்டச் சொல்லி நிரலர்களைக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஏனென்றால் அந்த வரி நகர்த்துவது கோப்பை மட்டும் இல்லை, மாதக் கடைசியை எதிர்பார்த்திருக்கும் ஒரு வீட்டின் அரிசியையும் வாடகையையும். இதைக் கேட்டு நடந்த இடத்தில், பத்து ஆண்டு கழித்து அந்த நிரலைத் திறந்து படிக்கும் புதியவர் ஒருவருக்கு, அந்த வரியில் என்ன நடக்கிறது என்று படித்த மாத்திரத்தில் தெரியும்.